மார்கழிப் பனியில் ஓடப் போகிறீர்களா?

சங்கரன்கோவிலில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் குளிர்காலம் என்பது மார்கழியும், தையில் ஒரு பாதியும்தான். அந்த நாட்களிலும் விடியற்காலையில் உஷ்ணமானி 20 டிகிரியைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருக்கும். ஆனால் இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்! கோமதி அம்மனைத் தரிசிக்கக் கிளம்புகிற பாட்டிமார் தலையைச் சுற்றி டர்க்கித் துண்டு; பால்காரர் கழுத்தில் மப்ளர்; டீக்கடை பெஞ்சிலே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், ரயில் தவறிப் போய் இமயமலை அடிவாரத்தில் இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

சென்ற மார்கழியில் நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வாக இருக்கலாம், அம்மா கையால் சொதிக் குழம்பு சாப்பிடலாம் என்பதுதான் திட்டம். மறுநாள் காலை நாலரை மணிக்கே வாசலில் பெரிய வாக்குவாதம். எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒரு பக்கம் என் அக்காள் மகள். பி.ஏ. முடித்துவிட்டுப் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். இன்னொரு பக்கம் என் அம்மா. அதாவது அவளுக்கு ஆச்சி. அம்மாவின் கையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். அப்பா எப்போதோ தில்லிக்குப் போனபோது வாங்கி வந்தது. வருஷத்தில் பதினோரு மாதம் பீரோவில் பாச்சை உருண்டையோடு குடித்தனம் நடத்துகிற ஸ்வெட்டர் அது.

"ஏட்டி, இதப் போட்டுக்கிட்டுப் போ. பனி மண்டைக்குள்ள எறங்கிரும்."

"ஓடும்போது வேர்க்குது ஆச்சி. மூச்சு முட்டுது. சித்தி, நீங்களே சொல்லுங்க!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பட்டணத்தில் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள், வாரத்தில் மூன்று நாள் கடற்கரையில் ஓடுகிறவள் என்ற காரணத்தால் என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த நீதிபதி, "இன்றைக்குப் போட்டுக்கொண்டு போ, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம்" என்று வழக்கை ஒத்திவைத்தாள்.

விஷயம் விளையாட்டல்ல. தமிழ்நாட்டுச் சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும், இதில் ஒரு விநாடி பிந்தினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இப்போதெல்லாம் விடியும் முன்பே பள்ளிக்கூட மைதானங்களில் ஆள் நடமாட்டம். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் போகத் துடிக்கிற பையன்கள் இருபது பேர். அவர்களுக்கு நடுவே நாலைந்து பெண்கள். எங்கள் ஊர் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் 400 மீட்டர் என்று அந்தப் பையன்களே டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறார்கள்.

அன்று அவளோடு நானும் போனேன். பருத்திச் சுடிதார், மேலே டிராக் பேண்ட், அதற்கு மேல் அந்தத் தில்லி ஸ்வெட்டர், தலையில் ஒரு ஸ்கார்ப். இரண்டாவது சுற்றில் முகம் செவசெவவென்று ஆகிவிட்டது. 2 நிமிஷம் 38 விநாடி. ஓடி முடித்துக் குனிந்து நின்றவளின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்வெட்டருக்குள்ளே துவைக்கப் போட்ட துணி மாதிரி நனைந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் வேப்ப மரத்துப் பக்கமிருந்து காற்று வீசியதும், அந்தப் பெண் நடுங்கத் தொடங்கினாள். பார்த்தீர்களா, குளிருக்குப் பயந்து போட்ட உடையே குளிரைக் கொண்டுவந்துவிட்டது!

இந்தப் பாடத்தை நான் சொந்தச் செலவில் கற்றவள். சில வருஷங்களுக்கு முன் ஜனவரி மாதம் பத்திரிகை வேலையாக ஊட்டிக்குப் போயிருந்தேன். ஜனவரி ஊட்டியில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியது போல் கிடக்கும். குளிருக்குத்தான் வந்திருக்கிறோமே, ஓடாமல் போவதா என்று ஒரு வீறாப்பு. உள்ளே கெட்டிப் பருத்தி பனியன், மேலே பருத்திக் குர்த்தா, அதற்கும் மேலே கனத்த ஸ்வெட்டர். ஏரிக்கரைச் சாலையில் முதல் கிலோ மீட்டர் சொர்க்கம். மூன்றாவது கிலோ மீட்டரில் உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நின்று உறைபனியைப் பார்த்தேன். அவ்வளவுதான். நின்ற மாத்திரத்தில் காற்று ஸ்வெட்டர் வழியாகப் புகுந்து, நனைந்த பனியனைப் பிடித்துக்கொண்டது. பல் தந்தி அடித்தது. டீக்கடைக்குப் போய்க் காசு எடுத்தால், விரல்கள் பர்ஸின் ஜிப்பைத் திறக்க மறுத்தன.

கடைக்காரர் டீயைக் கொடுக்கவில்லை. "மொதல்ல உள்ள போயி நனைஞ்ச துணியக் கழட்டிட்டு வாங்கம்மா. டீ எங்கயும் போயிராது" என்றார். அவர் மனைவி ஒரு பழைய கம்பளியைக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. டீயைவிட அந்தக் கம்பளிதான் வேலை செய்தது என்று அப்போது புரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஓடும்போது நம் தசைகள் செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் உஷ்ணமாக மாறுகிறது. ஆகவே ஓடுகிறவள் ஒரு நடமாடும் அடுப்பு. அடுப்புக்குக் கம்பளி போர்த்தினால் என்ன ஆகும்? உடம்பு தன்னைத் தணித்துக்கொள்ள வேர்வையைக் கொட்டும். அந்த வேர்வை ஆவியாகிப் போக வழியிருந்தால் நல்லது. போகாமல் துணியில் தங்கினால்தான் வம்பு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்திக்கொண்டு போகும். ஓடுகிற வரையில் அடுப்பு எரிகிறது, தெரியாது. நின்றதும் அடுப்பு அணைந்துவிடும், ஈரம் மட்டும் நிற்கும்.

இங்கேதான் எங்கள் குடும்பத்துக்குத் தர்மசங்கடமான ஒரு விஷயம் வருகிறது. நாங்கள் தறிக்காரர்கள். சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு விசைத்தறி சத்தம். பருத்திச் சேலையும் துண்டும்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. அப்பாவுக்குப் பருத்தியைப் பற்றிக் குறை சொன்னால் பொறுக்காது. சித்திரை வெயிலில் பருத்திக்கு நிகர் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர் காற்றில் ஓடும்போது பருத்தி நமக்கு எதிரி. சொல்லத் தயங்கிக்கொண்டே சொன்னேன்.

அப்பா கோபிக்கவில்லை. "இதுல என்ன அதிசயம்? பருத்தி தண்ணி குடிக்கிற நூலு. தறிக் கொட்டகையில ஈரப்பசை இருந்தாத்தான் பாவு அறாம ஓடும். ஈரம் பட்டா அதுக்குப் பலம் கூடும். பாலியஸ்டர் அப்படி இல்ல, அது குடிக்காது" என்றார். புத்தகங்களில் நான் தேடிப் படித்ததை அவர் தறிக்குப் பக்கத்தில் நின்றே தெரிந்து வைத்திருக்கிறார். சாதாரணக் காற்றிலேயே பருத்தி நூல் தன் எடையில் 8 சதம் போல ஈரம் வைத்திருக்கிறது. கம்பளி சுமார் 16 சதம். பாலியஸ்டர் அரை சதம்கூட இல்லை. 'அப்படியானால் கம்பளிதானே மோசம்?' என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. கம்பளி ஈரத்தை இழைக்குள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. தோலுக்கு ஈரம் அவ்வளவாகத் தெரிவதில்லை, நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்புத் தரும். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிடும்.

ஆகையால், குளிர்தேசத்தில் ஓடுகிறவர்கள் தோலை ஒட்டிப் போடுவது மெல்லிய பாலியஸ்டர் சட்டை, அல்லது மெல்லிய கம்பளியில் பின்னிய சட்டை. குளிர் அதிகமானால் அதற்கு மேல் இன்னொன்று. காற்றோ தூறலோ இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே, காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். ஒரே தடிமனான உடையைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல்; சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் அல்லவா? எவ்வளவு உடுத்துவது என்பதற்கு ஓட்டக்காரர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. வெளியே உள்ள உஷ்ணத்தோடு 10 டிகிரியைக் கூட்டுங்கள். அந்த உஷ்ணத்தில் சும்மா கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தால் எதை உடுத்துவீர்களோ, அதுதான் ஓட்டத்துக்கு உடை. புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் அரை மைலில் வெந்துபோவீர்கள்.

சாயங்காலம் அம்மாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "நம் ஊர் 20 டிகிரி. பத்தைக் கூட்டினால் 30. முப்பது டிகிரியில் யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா, அம்மா?"

"நீ கணக்குல எப்பவும் நூறுதான். தலையில பனி எறங்கினா என்ன பண்ணுவ?"

தலையைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயத்துக்குப் பெரிய இடத்து ஆதரவு இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். உடம்பின் உஷ்ணத்தில் 40 முதல் 45 சதம் தலை வழியாகத்தான் போகிறது என்று அமெரிக்க ராணுவத்தின் கையேடு ஒன்றே 1970-இல் எழுதி வைத்திருந்தது. அது சரியல்ல என்று பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தலையும் உடம்பின் மற்ற பாகங்களைப் போலத்தான். மொத்தப் பரப்பில் அது சுமார் பத்தில் ஒரு பங்கு, உஷ்ணமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் போகும். மலைப் பிரதேசத்தில் காதுக்கும் விரல்களுக்கும் மூடி அவசியம். அவைதான் முதலில் மரத்துப் போகும். எங்கள் ஊரில் ஸ்கார்ப் வேண்டியதில்லை. சளியும் பனியால் வருவதல்ல, வைரஸ் கிருமியால் வருவது என்றேன். அம்மா முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, "சரி, சரி" என்றாள். அந்த 'சரி'யின் அர்த்தம் அவளுடைய பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்பதற்காகக் குளிரை நான் அலட்சியம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2021-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி சீனாவில் கான்சு மாகாணத்தில் 100 கிலோ மீட்டர் மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். மே மாதம்தானே என்று பலரும் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாகக் கிளம்பிவிட்டார்கள். காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் எடுத்துவர வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. நடுப்பகலில் மலை மேல் திடீரென்று ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக் காற்றும் சேர்ந்து வந்தன. 21 பேர் குளிரில் இறந்துபோனார்கள். அவர்களில் சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களும் உண்டு. ஆடு மேய்க்கிற ஒருவர் மலைக் குகையில் ஒதுங்கியிருந்தவர், ஓடி வந்து ஆறு பேரை அந்தக் குகைக்குக் கூட்டிப் போய், நெருப்பு மூட்டிப் போர்வை போர்த்திக் காப்பாற்றினார். படிக்கும்போது எனக்கு ஊட்டி டீக்கடைக்காரரின் மனைவி ஞாபகம் வந்தாள்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. 2018-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தன்று குளிர் மழையும் எதிர்க்காற்றும். பேர்பெற்ற வீரர்கள் பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பெண்களில் ஜெயித்த டெஸ் லிண்டன் என்ற அம்மாள் கடைசி வரை ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. சாதாரணமாக அந்த மட்டத்தில் ஓடுகிறவர்கள் ஒரு அவுன்ஸ் எடைகூட அதிகம் சுமக்க மாட்டார்கள்.

பாஸ்டனைப் பற்றிச் சொன்னதும் இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1966-இல் அந்தப் பந்தயத்தில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. பாபி கிப் என்ற பெண் தன் சகோதரனின் கால் சட்டையையும், தலையை மூடும் முக்காடு வைத்த கனத்த சட்டையையும் போட்டுக்கொண்டு, புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்தாள். சற்று தூரம் ஓடியதும் ஒரே புழுக்கம். கழற்றினால் பெண் என்று தெரிந்துவிடும். பிடித்து வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயம். பக்கத்தில் ஓடிய ஆண்கள், "கழற்று அம்மா, உன்னை யாரும் தள்ளாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தைரியம் சொன்ன பிறகுதான் அந்தச் சட்டை போயிற்று. மறு வருஷம் காத்ரின் ஸ்விட்ஸர். அன்றைக்குப் பனிமழை. அழகான கால் சட்டை அணிந்து ஓட ஆசைப்பட்டவள், குளிருக்காகச் சாம்பல் நிறத் தொளதொளப் பேண்டும் சட்டையும் போட வேண்டியதாயிற்று. பந்தய அதிகாரி ஒருவர் அவளைத் தடுக்கக் கை நீட்டியபோது முதலில் அவர் கையோடு போனது அவளுடைய கையுறைதான். பிறகு அவள் மார்பில் இருந்த 261 என்ற எண்ணைப் பிய்க்கவும் முயற்சி நடந்தது. அவளோ கடைசி வரை ஓடி முடித்தாள். 1972-இல்தான் அங்கே பெண்களுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையை அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கும் அக்காள் மகளுக்கும் சொன்னேன். அவள் கைகொட்டிச் சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள். அம்மா போகவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அந்தப் பிள்ளை சட்டையக் கழட்ட ஏன் பயந்துச்சு? குளிருக்கா?"

"இல்லை, அம்மா. பார்த்துவிடுவார்களே என்றுதான்."

"அப்புறம் என்னை மட்டும் எதுக்கு நொட்டை சொல்லுத? அங்க இருபது பயலுக நிக்கான். டீக்கடையில ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா, அது அவ அப்பன் காதுக்கு அரைமணி நேரத்துல போயிரும். அரை மனசாத்தான் அவன் சரின்னு சொல்லியிருக்கான். நாளைக்கே 'நீ ஓடவும் வேண்டாம், போலீஸாகவும் வேண்டாம்'னுருவான். பனின்னு சொன்னா இவ கேப்பா. ஊர் பாக்குதுன்னு சொன்னா கேப்பாளா?"

நேயர்களே, நான் வாயடைத்துப் போனேன். உஷ்ணமானி, 8 சதம், 16 சதம், 25 மடங்கு என்று அடுக்கிய என் கணக்கெல்லாம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ! அம்மா அந்த ஸ்வெட்டரைப் போடச் சொன்னது அவளை ஓடவிடாமல் தடுக்க அல்ல. ஓட்டம் நிற்காமல் இருப்பதற்கு. எங்கள் ஊரில் மார்கழி மாதத்தில் 'பனி' என்ற சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டு என்பதை, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், முப்பது வயது தாண்டித் தெரிந்துகொண்டேன்.

நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். அந்தப் பையன்கள் கையில்லாத பனியனோடு ஓடுகிறார்கள். அவர்களைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சில்லை. ஆனால் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ஊரைத் திருத்த நாலு நாள் லீவு போதாது. உடையைத் திருத்தலாம்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடையில், ஓடுவதற்கு மெல்லிய பாலியஸ்டர் சட்டை வேண்டும் என்றதும், "பையன் என்ன வயசும்மா?" என்றார் கடைக்காரர். பெண்ணுக்கு என்றேன். பெண்கள் அளவில் சரக்கு வருவதில்லையாம். கடைசியில் ஆண்கள் அளவிலேயே, முழுக்கை வைத்து, இடுப்புக்குக் கீழே இறங்குகிற தளர்ந்த சட்டை ஒன்று அகப்பட்டது. திருப்பூரில் தைத்தது. கொஞ்சமும் கனமில்லை, கையில் பிடித்தால் காகிதம் போல் இருந்தது. வெளிர் மஞ்சள் நிறமாகப் பார்த்து எடுத்தேன். காரணம் இருக்கிறது. தை பிறக்கும் சமயத்தில் எங்கள் பக்கம் சூரியன் எழ ஆறரை மணி தாண்டிவிடும். ஐந்து மணிக்குக் கறுப்புச் சட்டையும் கறுப்புப் பேண்டுமாக ரோட்டோரம் போகிறவளை எந்த லாரி டிரைவருக்கும் கண் தெரியாது. பனியைவிட லாரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சகோதரிகளுக்கு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம்மவர் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சட்டையைவிட முக்கியம் உள்ளே போடுகிற உடை. சாதாரணப் பருத்தி உள்ளாடை வேர்வையில் ஊறித் தோளிலும் மார்பின் கீழும் உராய்ந்து புண்ணாக்கிவிடும். ஓட்டத்தில் பிடிப்பும் போதாது. பல பெண்கள் ஓட வெட்கப்படுவதற்கு இதுவே பாதிக் காரணம். ஓடும் பெண்களுக்கென்று தனி உள்ளாடையை 1977-இல் அமெரிக்கப் பெண்கள் மூவர் சேர்ந்து உருவாக்கினார்கள். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு உள்கச்சைகளை வெட்டிச் சேர்த்துத் தைத்துத்தான் முதல் மாதிரியைச் செய்தார்களாம்! இப்போது அது நம் ஊர்களிலும் கிடைக்கிறது. சட்டைக்குக் காசு குறைந்தாலும் பாதகமில்லை, இதில் சிக்கனம் வேண்டாம். நான் சென்னையிலிருந்து எனக்கென்று கொண்டுபோயிருந்த புதியது ஒன்றை அவளிடம் கொடுத்தேன். ஷூ அவளிடம் நல்லதாகவே இருந்தது.

வாங்கி வந்ததைப் பார்த்த அப்பா சட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "கடைசியில பாலியஸ்டர் நம்ம வீட்டுக்குள்ளயே வந்துருச்சா?" என்று சிரித்தார். பிறகு தறிக் கொட்டகைக்குப் போய், புதிதாக அறுத்து எடுத்த பருத்தித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் பைக்குள் வைத்தார். "ஓடி முடிச்ச பெறகு துடைக்க இதுதான் வேணும்" என்றார். அந்த விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது. தண்ணீர் குடிக்கிற நூலுக்கு அங்கே வேலை உண்டு.

அம்மாவோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். வீட்டிலிருந்து மைதானம் வரை ஸ்வெட்டர் உண்டு. மைதானத்தில் பத்து நிமிஷம் மெல்ல ஓடி உடம்பு சூடேறும் வரையிலும் உண்டு. அப்புறம் கழற்றிவிடுவாள். ஓடி முடித்து வேர்வையைத் துடைத்து, நனைந்த சட்டையைப் பள்ளிக்கூட வராந்தாவின் மறைவில் மாற்றி, உலர்ந்த சட்டை போட்டதும் மறுபடி ஸ்வெட்டர். குளிர்தேசத்துக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும்தான் கம்பளி, ஓடும்போது அல்ல.

"கழட்டின ஸ்வெட்டர அங்க எவ பிடிச்சுக்கிட்டு நிப்பா?" என்றாள் அம்மா.

"நீங்கதான் ஆச்சி" என்றாள் பேத்தி.

என் லீவின் கடைசி நாள். நாலே முக்கால் மணி. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை. தெருவில் பெண்கள் சாணம் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக் கையோடு, ஸ்வெட்டரும் மப்ளரும் இல்லாமல், அரைமணி நேரம் குனிந்து வேலை செய்கிற அவர்களை யாரும் பனி என்று தடுக்கவில்லை என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. நாங்கள் மூன்று பேரும் போவதைப் பார்த்து, "என்ன ஆச்சி, நீங்களுமா ஓடப் போறிய?" என்று கேட்டாள் ஒருத்தி. "ஆமாளா, எனக்கும் போலீஸ் வேலை குடுக்காகளாம்!" என்றாள் அம்மா சளைக்காமல்.

மைதானத்தில் வேப்ப மரத்தடியில் கிடந்த கல்லில் அம்மா உட்கார்ந்தாள். பையன்கள் பார்த்தார்கள். அம்மாவும் அவர்களைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர்கள் தங்கள் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிஷம் கழித்து ஸ்வெட்டர் கழன்று ஆச்சியின் மடிக்கு வந்தது. மஞ்சள் சட்டை இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் போல மைதானத்தைச் சுற்றியது. நான் செல்போனில் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் சுற்று. அரையிருட்டில் மூலை திரும்பும்போது சட்டை மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் அவள் வாயைத் திறந்து காற்றை இழுப்பது கேட்டது.

2 நிமிஷம் 33 விநாடி.

ஐந்து விநாடி குறைந்தது ஸ்வெட்டர் போனதாலா, அல்லது ஆச்சி பார்க்கிறாள் என்ற ரோஷத்தாலா, நான் சொல்லமாட்டேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவள், "இன்னும் மூணு விநாடி இருக்கே சித்தி" என்று முகத்தைச் சுளித்தாள். உலர்ந்த சட்டையை எடுத்துக்கொண்டு வராந்தாப் பக்கம் போனாள். மாற்றிக்கொண்டு திரும்பி வந்து ஸ்வெட்டருக்காகக் கை நீட்டினாள்.

ஸ்வெட்டர் மடியில் இல்லை. ஆச்சி அதைப் போட்டுக்கொண்டு, பொத்தானையும் கழுத்து வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குத? சும்மா உக்காந்திருக்கவளுக்குத்தானே குளிரும்னு உங்க சித்தி சொன்னா? நீ அந்தத் துண்டப் போத்திக்க. நாளைக்கு வரும்போது எனக்கு ஒரு மப்ளரும் எடுத்துட்டு வா."